அந்தப் பெண்களின் பெயரையும் எழுதுங்கள்
அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில், பேருந்துகளில் இருந்த நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் ரோசா பார்க்ஸ், மார்ட்டின் லூதர் கிங் இருவரோடு நிறுத்திவிட்டீர்களே! 1955 டிசம்பர் 1 அன்று வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்து ரோசா கைதான இரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் விடிய விடிய ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை சைக்ளோஸ்டைல் எடுத்தார். ஜார்ஜியா கில்மோர் சமைத்து விற்ற காசைப் போராட்டத்துக்குக் கொடுத்தார்.

அந்நாளில் கறுப்பினத்தவர் பேருந்தின் முன்வாசலில் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏற வேண்டும். சில சமயம் ஏறுவதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிடுவார். இதை அன்றாடம் அனுபவித்தவர்களில் பெரும்பாலோர் வீட்டு வேலைக்குப் போன பெண்கள். 381 நாள் பேருந்தைத் தொடாமல் இருந்ததும் அவர்கள்தான்.

சரி, இந்தப் பேருந்துப் பாகுபாட்டை எதிர்த்து நீதிமன்றத்தில் வென்ற வழக்கு? அதுவும் நான்கு பெண்களுடையது. அதில் ஒருவரான கிளாடெட் கால்வின், ரோசாவுக்கு 9 மாதம் முன்பே, 15 வயதில் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானவர்.