ஹோமோசிஸ்டீன் குறைஞ்சா ஹார்ட் அட்டாக் வராதா?

"கொலஸ்ட்ரால் பயமெல்லாம் பொய், ஹோமோசிஸ்டீன்தான் நிஜ வில்லன், பி12-ம் ஃபோலிக் ஆசிடும் போட்டா போதும், ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால குறைக்கிற மாத்திரை) வேணாம்"னு ஒரு மெசேஜ் வாட்ஸ்அப்ல சுத்துது. தயவுசெஞ்சு இத நம்பி மாத்திரைய நிறுத்திடாதீங்க.

இதுல பாதி உண்மை இருக்கு, அதான் ஆபத்தே. ஹோமோசிஸ்டீன் ரத்தத்துல இருக்குற ஒரு அமினோ அமிலம், சாதாரணமா லிட்டருக்கு 5லேர்ந்து 15 மைக்ரோமோல் வரைக்கும் இருக்கும். பரம்பரைக் கோளாறால இது எக்கச்சக்கமா ஏறுன குழந்தைங்களோட ரத்தக்குழாய் கெட்டுப்போயிருந்தத பாத்துட்டு, 1969ல கில்மர் மெக்கல்லிங்கிற அமெரிக்க டாக்டர் இதுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருக்குன்னு சொன்னார். ஹோமோசிஸ்டீன் அதிகமா இருக்குறவங்களுக்கு இதய நோயும் கூடுதலா வருதுன்னு அப்புறம் வந்த ஆய்வுகளும் காட்டுச்சு.

சரி, குறைச்சா என்ன ஆகும்? நார்வேல ஹார்ட் அட்டாக் வந்த 3,700க்கும் மேற்பட்டவங்கள வச்சு நார்விட்னு ஒரு ஆய்வு பண்ணாங்க, பி வைட்டமின் குடுத்ததும் அளவு கால்வாசிக்கு மேல இறங்குச்சு, ஆனா ஹார்ட் அட்டாக் குறையவே இல்ல. 5,522 பேர வச்சு நடந்த ஹோப்-2லயும் அதே கதைதான், பக்கவாதம் மட்டும் கொஞ்சம் குறைஞ்சுது. ரெண்டும் 2006லயே வெளிவந்துடுச்சு.

ஸ்டாட்டின் அப்படி இல்ல, எல்டிஎல்ங்கிற கெட்ட கொலஸ்ட்ரால குறைச்சு ஹார்ட் அட்டாக்கையும் குறைக்குதுன்னு பல பெரிய ஆய்வுகள்ல நிரூபிச்சாச்சு. ரிப்போர்ட்ல ஹோமோசிஸ்டீன் ஜாஸ்தின்னு வந்தா பி12, கிட்னி, தைராய்டு எல்லாம் செக் பண்ண சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. பி12 குறைவுன்னா அதுக்கு கட்டாயம் மருந்து எடுங்க, இல்லன்னா நரம்பு பாதிக்கும், ஆனா இதய மாத்திரைக்கு பதிலா இல்ல.