பழைய கேமுக்கு ஏலம் எதற்கு?

அமெரிக்காவில் வீடு மாற்றும்போது கராஜ் மூலையிலிருந்து ஒரு டப்பா கட்டாயம் வெளியே வரும். கல்லூரிக்குப் போய்விட்ட பிள்ளைகளின் கேம்கள். நாலைந்து கேம் பாய் கேட்ரிட்ஜ், பத்துப் பதினைந்து பிளேஸ்டேஷன் டிஸ்க், அடியில் வருஷ வாரியாக மேடனும் (அமெரிக்க ஃபுட்பால் கேம்) ஃபிஃபாவும். பார்த்தவுடன் யாராவது ஒருவர் சொல்வார்: "ஈபேயில் ஏலத்துக்குப் போடு, எங்கேயோ போகும்." 2021 ஜூலையில் ஒரு சூப்பர் மரியோ 64 ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போன செய்தி எல்லார் மனதிலும் தங்கிவிட்டது. அது பிரிக்காத சீலோடு, தரம் பார்த்து பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்த பிரதி. உங்கள் டப்பாவில் இருப்பது விளையாடித் தேய்ந்த சரக்கு. இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரணமாகக் கிடைக்கிற கேமை ஏலத்தில் விடாதீர்கள், நிலையான விலை போட்டு விற்றுவிடுங்கள். எந்த வழியில் விற்றாலும் நஷ்டம் பெரும்பாலும் விற்ற பிறகுதான் வரும். அதைத் தடுக்கிற வேலை முழுக்க லிஸ்டிங் (விற்பனை விளம்பரம்) போடுவதற்கு முன்னால் இருக்கிறது.

ஈபே தொடங்கிய 1995இல் பழைய சாமானுக்கு என்ன விலை என்று யாருக்கும் தெரியாது, ஏலம் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. இன்று பிரைஸ்சார்ட்டிங் தளத்தில் எந்தக் கேமுக்கும் வெறும் பிரதி, பெட்டியும் மேனுவலும் உள்ள பிரதி, புதுப் பிரதி என்று மூன்று விலையும் தனித்தனியாகக் கிடைக்கிறது. ஈபேயிலேயே விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. இங்கே இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். மேனுவல் இல்லாத பிரதியை வைத்துக்கொண்டு முழுப் பிரதியின் விலையை எதிர்பார்ப்பது ஒன்று. மற்றது, விற்றவை பட்டியலில் கோடு போட்டு அடித்திருக்கும் விலையை உண்மை விலை என்று எடுத்துக்கொள்வது. அந்தக் கோட்டுக்கு அர்த்தம், பேரம் பேசி அதைவிடக் குறைத்து முடித்தார்கள் என்பது.

ஏலத்தில் விலை ஏற, அதே வாரத்தில் விட்டுக்கொடுக்காத இரண்டு பேர் வேண்டும். ஃபிஃபா 14க்கு ஒருவர் கிடைப்பதே அதிர்ஷ்டம். நம் ஊர் ஏலத்தில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவி, யோசிக்கிறவனுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பார்கள். ஈபே ஏலத்தில் அது கிடையாது. கடிகாரம் முடிந்தால் கதவு மூடிவிடும். கடைசி விநாடியில் யாராவது கேட்டாலும் நேரம் நீளாது. அதனால் விவரம் தெரிந்தவன் ஏழு நாளும் சும்மா இருந்துவிட்டு, கடைசி ஐந்து விநாடியில் வந்து தட்டிக்கொண்டு போவான். 99 சென்ட்டில் தொடங்கினால் கூட்டம் சேரும் என்பது பழைய உபதேசம். கூட்டம் வேடிக்கை பார்க்கும், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். ஈபேயின் கமிஷன் தோராயமாக 13.6 சதவீதம், அதோடு ஆர்டருக்கு 30 அல்லது 40 சென்ட். இது கேமின் விலைக்கு மட்டும் இல்லை, ஷிப்பிங்குக்கும், வாங்குபவர் கட்டும் விற்பனை வரிக்கும் சேர்த்து. அந்த வரி உங்கள் கைக்கு வருவதே இல்லை, ஆனாலும் அதன்மேல் கமிஷன் உங்களுடையது. 20 டாலர் கேம், 5 டாலர் ஷிப்பிங், 8 சதவீத வரி என்றால் மொத்தம் 27. கமிஷன் 4.07. தபாலுக்கு 5, உறைக்கு 50 சென்ட் என்று வைத்தால் மிச்சம் 15.43. அதே கணக்கில் 8 டாலர் கேமுக்கு மிஞ்சுவது 5.19. 99 சென்ட்டுக்கே ஏலம் முடிந்துவிட்டால் நீங்கள் 69 சென்ட் கையிலிருந்து போட்டு உங்கள் கேமை அனுப்பிவைக்கிறீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். (பிரிட்டனில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே 2024 அக்டோபரிலிருந்து தனிநபர் விற்பனைக்குக் கமிஷன் இல்லை. 2025 பிப்ரவரியிலிருந்து அதற்குப் பதில் வாங்குபவரிடம் கட்டணம் வாங்குகிறார்கள். இந்தியாவில் இந்தப் பேச்சே இல்லை, ஈபே இந்தியா 2018 ஆகஸ்டிலேயே கடையை மூடிவிட்டது.)

அடுத்த தலைவலி, ஜெயித்துவிட்டுப் பணம் கட்டாதவன். நான்கு நாள் காத்திருந்து ரத்து செய்யலாம், கமிஷனும் திரும்ப வரும், அதோடு சரியாகப் போயிற்று என்று நினைப்பார்கள். சரியாகப் போகாது. ஈபேயில் ஒவ்வொருவரும் தன் உச்ச விலையைச் சொல்லிவைப்பார், அடுத்தவரை முந்தத் தேவையான அளவு மட்டும் விலை ஏறும். மூன்று பேர் என்று வையுங்கள். ஒருவரின் உச்சம் 34, இன்னொருவருக்கு 60, பணம் கட்டப்போகாத ஆசாமிக்கு 90. ஏலம் 61இல் முடியும். அவன் காணாமல் போனபின் இரண்டாமவருக்கு "உங்களுக்கு வேண்டுமா" என்று வாய்ப்பு அனுப்பலாம், ஆனால் அது அவருடைய உச்ச விலையான 60க்குப் போகும். அந்த ஆசாமி இல்லாமலிருந்தால் தனக்கு இது 35 டாலருக்குக் கிடைத்திருக்கும் என்பதை ஏல வரலாற்றைப் பார்த்தே அவர் தெரிந்துகொள்வார். சம்மதிப்பாரா? அமைப்புகளுக்குள் போய், ஏற்கெனவே பணம் கட்டாமல் ஏய்த்தவர்களைத் தடுக்கும் வசதியை முதல் நாளே போட்டுவிடுங்கள். நிலையான விலையில் உடனே பணம் கட்டினால்தான் விற்பனை என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ஆனால் உண்மையான பிரச்சினை 30 நாள். "சொன்னபடி இல்லை" என்று வாங்குபவர் ஒரு பொத்தானை அழுத்த, பொருள் போய்ச் சேர்ந்ததிலிருந்து அவருக்கு 30 நாள் உண்டு. நீங்கள் "ரிட்டர்ன் கிடையாது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் அது இங்கே செல்லாது. மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டும், திருப்பி அனுப்பும் தபால் செலவும் உங்களுடையது. 12 டாலர் கேமுக்குப் போக 5, வர 5 என்றால் பலரும் "போய்த் தொலையட்டும்" என்று பணத்தையும் கொடுத்துக் கேமையும் விட்டுவிடுகிறார்கள். ஏமாற்றுகிறவனுக்கு இது நன்றாகவே தெரியும்.

வாங்குபவருக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். போலி கேட்ரிட்ஜ் மலிந்து கிடக்கும் சந்தை இது, சந்தேகப்படாமல் வாங்குவதுதான் முட்டாள்தனம். என் குறை வேறு. சட்டை சொன்ன சைஸில் வரவில்லை என்பதற்கும், இருபது வருஷத்து மின்சுற்று ஒன்று யாரோ ஒருவரின் அழுக்கேறிய கன்சோலில் ஓடவில்லை என்பதற்கும் ஒரே பொத்தான். போதாததற்கு, 2008இலிருந்து விற்பவர் வாங்குபவருக்கு நல்ல ஃபீட்பேக் மட்டும்தான் போட முடியும். எதிராளியின் பெயருக்குப் பக்கத்தில் 100 சதவீதம் என்று இருப்பதற்கு மதிப்பு என்ன?

ஆகவே "டெஸ்டெட், வொர்க்கிங்" என்ற இரண்டு வார்த்தை போதாது. என்ன பார்த்தீர்கள், எதில் பார்த்தீர்கள் என்பது லிஸ்டிங்கில் இருக்க வேண்டும்.

போகிமான் எமரால்டை எடுத்துக்கொள்ளுங்கள், கேம் பாய் அட்வான்ஸ் கேட்ரிட்ஜ். அதிகம் போலி வரும் கேம்களில் இது ஒன்று. கீழ்விளிம்பைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தால், தங்கநிறத் தொடுபுள்ளிகளுக்குச் சற்று மேலே மின்சுற்றுப் பலகையில் நின்டெண்டோ என்ற எழுத்து தெரியவேண்டும். முன்பக்க லேபிளைச் சாய்த்துப் பிடித்தால், மையில்லாமல் அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் மெலிதாகத் தெரியும். பின்னால் ஒரே திருகு, மூன்று கிளையுள்ள ட்ரை-விங் தலை. (பழைய கேம் பாய், சூப்பர் நின்டெண்டோ, நின்டெண்டோ 64 கேட்ரிட்ஜுக்கு 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனித் திருப்புளி வேண்டும்.) திறந்தால் உள்ளே பற்றவைத்த சிஆர் 1616 பேட்டரி. இப்போது இயக்குங்கள். உள் பேட்டரி தீர்ந்துவிட்டது, கேம் ஓடும், கடிகாரம் சார்ந்தவை நடக்காது என்று திரை சொன்னால் பயப்பட வேண்டாம், அசல் பிரதியும் வயதானால் இதைத்தான் சொல்லும். இதில் சேவ் (ஆடியவரை பதிந்து வைத்த ஆட்டம்) இருப்பது ஃபிளாஷ் சிப்பில், பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். ஆனால் இந்த வாசகத்தை நீங்கள் லிஸ்டிங்கில் எழுதாவிட்டால் வாங்குபவர் அதைப் படம் பிடித்து உங்களுக்கே அனுப்புவார்.

இதற்கு முந்திய போகிமான் கோல்டு, சில்வர், கிரிஸ்டல் மூன்றும் எதிர்மாறு. சேவ் முழுக்க சிஆர் 2025 பேட்டரியை நம்பி இருக்கிறது, கடிகாரமும் அதையே உறிஞ்சும். பேட்டரி போனால் சேவ் போச்சு. சேவ் செய்து, கேட்ரிட்ஜைக் கழற்றி ஒரு ராத்திரி வெளியே வைத்து, மறுநாள் போட்டுப் பாருங்கள். பத்து நிமிஷம் கழித்துப் பார்ப்பது சோதனையே இல்லை. போலி எமரால்டும் இப்படித்தான் ஏமாற்றும். முதல் வாரம் நன்றாக ஓடி, கடைசி கட்டம் ஜெயித்த பிறகு சேவ் அழியும். வாங்குபவர் அங்கே போய்ச் சேரும்போது மூன்று வாரம் ஓடியிருக்கும், 30 நாளுக்குள்தான். தெரியாமல் போலியை விற்றால் பணம் போவதோடு பொருளும் திரும்பாமல் போகலாம்.

ஓடாத கேட்ரிட்ஜை வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் தொடுபுள்ளியை அரிக்கும். 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சுக்குச்சி, பஞ்சு கறுக்காத வரை துடைப்பு, முழுக்கக் காய்ந்தபின் கன்சோல். பாதிக்குமேல் இதிலேயே உயிர்பெறும்.

டிஸ்க்கில் எல்லாரும் கீழ்ப்பக்கக் கீறலைத்தான் பார்ப்பார்கள். பிளேஸ்டேஷன் 1 போன்ற சிடிகளில் ஆபத்து மேலே, லேபிளுக்கு அடியிலேயே டேட்டா அடுக்கு இருக்கிறது. விளக்குக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளை மாதிரி வெளிச்சம் தெரிகிற இடத்தில் டேட்டா இல்லை, எந்தப் பாலிஷும் அதைக் கொண்டுவராது. டிவிடியில் அடுக்கு நடுவில், மேலிருந்தும் கீழிருந்தும் 0.6 மில்லிமீட்டர். அதனால் பாலிஷ் தாங்கும். ப்ளூ-ரேயில் கீழ்ப்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர். பிளேஸ்டேஷன் 3 டிஸ்க்கைப் பாலிஷ் மெஷினில் கொடுப்பது அதைக் கொல்வதற்குச் சமம்.

தலைப்புத் திரை வந்தால் டிஸ்க் நல்லது என்று அர்த்தம் இல்லை. எக்ஸ்பாக்ஸ் 360இல் ஹார்ட் டிரைவில் இன்ஸ்டால் கொடுங்கள், முழு டிஸ்க்கையும் படிக்கும், கெட்ட இடம் இருந்தால் அங்கேயே நிற்கும். பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்கைக் கம்ப்யூட்டரின் டிவிடி டிரைவில் போட்டு முழு இமேஜ் (டிஸ்க்கின் நகல் கோப்பு) எடுத்துப் பாருங்கள், விளைவு அதேதான். நின்டெண்டோவின் கேம்கியூப், வீ (Wii) டிஸ்க்குகளைச் சாதாரண டிரைவ் படிக்காது. அவற்றை விளையாடித்தான் பார்க்க வேண்டும், அந்த நேரத்துக்குக் கூலி தேறாது.

நின்டெண்டோ ஸ்விட்ச் கேட்ரிட்ஜில் புதிதாக ஒரு சிக்கல். ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ் உள்ளே பதிந்திருக்கிறது. முன்பு வைத்திருந்த யாரோ அதை நகலெடுத்து வைத்துக்கொண்டு ஆன்லைனில் ஆடினால், நல்ல பிரதியை வாங்கியவரின் கன்சோல் ஆன்லைன் தடையில் மாட்டலாம். நீங்களே கடையில் புதிதாக வாங்கியது என்றால் அதை எழுதுங்கள், ரசீது இருந்தால் படமும் போடுங்கள். (அந்த கேட்ரிட்ஜை நக்கிப் பார்க்க வேண்டாம். குழந்தைகள் விழுங்காமலிருக்க டெனடோனியம் பென்சோவேட் பூசியிருக்கிறார்கள், கசப்பு நாக்கை விட்டுப் போகாது.)

படம் எடுப்பது அழகுக்கு இல்லை, சாட்சிக்கு. உங்கள் நல்ல பிரதியை வைத்துக்கொண்டு தன்னுடைய செத்த பிரதியைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. கேட்ரிட்ஜ் என்றால் லேபிளில் பதிந்த எண், விளிம்புக் கீறல், திறந்த பலகை. டிஸ்க் என்றால் உள்வளையத்தில் பொறித்த எழுத்தும், பக்கவாட்டு வெளிச்சத்தில் கீறலின் வடிவமும். இதையெல்லாம் லிஸ்டிங்கிலேயே போட்டுவிட்டால் மாற்றி அனுப்ப நினைப்பவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான்.

அனுப்பும்போது மலிவு என்று மீடியா மெயிலில் போடாதீர்கள். புத்தகத்துக்கும் இசைத்தட்டுக்கும் உள்ள அந்தச் சலுகை வீடியோ கேமுக்குக் கிடையாது. தபால் துறை பிரித்துப் பார்க்கலாம், பிடிபட்டால் பாக்கிக் கட்டணத்தை வாங்குபவரிடம் கேட்பார்கள், பழி உங்கள்மேல் விழும். தபால் துறையின் கிரவுண்ட் அட்வான்டேஜ் சேவையில் 100 டாலர் வரை காப்பீடு சேர்ந்தே வருகிறது. டிவிடி பெட்டியில் வரும் ஒரு கேம் குமிழ் உறையோடு பெரும்பாலும் 8 அவுன்ஸ் கட்டண அடுக்குக்குள் அடங்கும். மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டால் பெட்டியில் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் நடுப்பல் உடைந்து, டிஸ்க் வழியெல்லாம் உருண்டு கீறிக்கொண்டு போய்ச் சேரும். பல் ஏற்கெனவே உடைந்திருந்தால் டிஸ்க்கைக் காகித உறையில் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். 750 டாலரும் அதற்கு மேலும் என்றால் கையெழுத்து வாங்கித்தான் கொடுக்க வேண்டும், இல்லையேல் "வரவில்லை" என்ற வழக்கில் பாதுகாப்பு கிடைக்காது. பணம் கட்டியபின் "வேறு முகவரிக்கு அனுப்புங்கள்" என்று செய்தி வந்தால் ஆர்டரை ரத்து செய்து மறுபடி வாங்கச் சொல்லுங்கள்.

ஏலம் எதற்குத்தான் சரி? விற்றவை பட்டியலில் ஒன்றோ இரண்டோ மட்டும் இருக்கும் பொருளுக்கு. அட்டைப்பெட்டி, உள்தட்டு, வரைபடம் எல்லாம் உள்ள சூப்பர் நின்டெண்டோ பிரதி மாதிரி. அதையும் ஞாயிறு மாலை முடியும்படி வைத்து, இதற்குக் கீழே கொடுத்தால் வயிறு எரியும் என்று தோன்றும் தொகையிலேயே தொடங்குங்கள். மேடனும் ஃபிஃபாவும் தனித்தனியாகப் போகாது. பத்துப் பதினைந்தை ஒரே கட்டாகக் கட்டி, ஓடியது எது ஓடாதது எது என்று எழுதி, நேரில் வந்து எடுத்துப்போகும் விலைக்கு உள்ளூரில் கொடுத்துவிடுங்கள்.