பிரிட்ஜ் இருந்தால் அஸ்வெசும வெட்டா?

அஸ்வெசும என்பது இலங்கை அரசு வறிய குடும்பங்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகை. "வீட்டில் டிவியோ பிரிட்ஜோ இருந்தால் அஸ்வெசும நிற்கும், கணக்கெடுக்க வருமுன் ஒளித்துவிடுங்கள்" என்று கொழும்பில் முகத்துவாரம், கிராண்ட்பாஸ் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. எங்கள் குடியிருப்பில் ஒரு அக்கா பிரிட்ஜைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டுபோய்ப் படுக்கை விரிப்பால் மூடிவைத்தார். உள்ளே இருந்த மீன் கெட்டதுதான் மிச்சம்.

2023 இல் தொடங்கிய இத்திட்டம் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப விபரம் என 6 பிரிவுகளில் 22 குறிகாட்டிகளைச் சேர்த்துத்தான் புள்ளி போடுகிறது. ஒரு பிரிட்ஜ் மட்டும் எதையும் தீர்மானிக்காது. மின்கட்டணமும் பார்க்கப்படுவதால் ஒளிப்பதில் பயனுமில்லை. சந்தேகமா? நலன்புரி நன்மைகள் சபையின் இணையத்தளத்திலோ பிரதேச செயலகத்திலோ கேளுங்கள். பெயர் விடுபட்டால் மேன்முறையீடு செய்யலாம். சரி, அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.