மீட்டர் மாட்டினால் வாரண்டி போச்சா?

"வெளி அயிட்டம் மாட்டியிருக்கீங்க, இதுக்கு வாரண்டி வராதுங்க."

நாமக்கல், சங்ககிரி பக்கம் பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) லாரி வைத்திருப்பவர்களில் பலர் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள். எங்களுக்கும் சொன்னார்கள். புகையில் வரும் கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் பில்டர் அடைத்து, பிக்கப் செத்து, உருட்டிக்கொண்டு போய் சர்வீஸ் சென்டரில் விட்டால், அட்வைசர் முதலில் குனிந்து பார்த்தது ஸ்டியரிங்குக்குக் கீழே, பழுது பார்க்க லேப்டாப்பை இணைக்கிற ஓபிடி சாக்கெட்டில் டிரைவர் மாட்டியிருந்த கையகல மீட்டரைத்தான். போட்டோ எடுத்துக்கொண்டார். பில்டர் பக்கம் ஆளே போகவில்லை, அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மீட்டர் காட்டும் கரி சதவீதம், அதாவது பில்டரில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்பது, வண்டியின் இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசிஎம்மே கணக்குப் போட்டு வைத்திருக்கிற எண். மாசாமாசம் டியூ கட்டுகிற ஓனர் அதைப் பார்த்தால் குற்றம், சர்வீஸ் சென்டர் லேப்டாப் பார்த்தால் சேவை. இது என்ன நியாயம் என்று புரியவில்லை.

லாரி பழக்கம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்4-லிருந்து நேராக பிஎஸ்6-க்குத் தாவினோம். பிஎஸ்5 வரவே இல்லை. அதோடு சைலன்சர் பெட்டிக்குள் டிபிஎஃப் வந்து உட்கார்ந்தது. உள்ளே இருப்பது பீங்கான். நுணுக்கமான குழல்கள், ஒவ்வொன்றும் ஒரு முனையில் அடைத்திருக்கும். புகை பக்கத்துச் சுவரைத் துளைத்துத்தான் வெளியே போக முடியும், கரி அங்கேயே தங்கிவிடும். தங்கிய கரியை எரிப்பதுதான் ரீஜென். லோடோடு ஹைவேயில் ஒரே சீராக ஓடும்போது சூட்டில் கரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக எரியும். போதாவிட்டால் ஈசிஎம் கூடுதலாக டீசல் அடித்து, பில்டருக்குள் 550, 600 டிகிரி வரை சூட்டை ஏற்றி எரிக்கும்.

இப்போது காஸ் டேங்கர் டிரைவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பிளாண்ட் வாசலில் மணிக்கணக்கில் வரிசை, நகர்ந்து நகர்ந்து நிற்கிற ஓட்டம். சைலன்சர் சூடே ஏறாது, கரி மட்டும் சேரும். அப்போது பார்த்து டேஷ்போர்டில் டிபிஎஃப் லைட் எரிகிறது. காஸ் ஏற்றுகிற இடத்தில் சைலன்சரைக் கொதிக்க வைத்து ரீஜென் போட முடியுமா? ரீஜெனைத் தடுத்து வைக்கிற இன்ஹிபிட் சுவிட்சைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். லைட் சிமிட்ட ஆரம்பிக்கும், அப்புறம் இன்னொரு லைட், அப்புறம் பவர் குறையும். கடைசியில் நின்ற இடத்தில் ரீஜென் கூட எடுக்காது, சர்வீஸ் சென்டர் லேப்டாப் வந்தால்தான் உண்டு. அதே டிரைவருக்குக் கொச்சி ரோட்டில் வரும்போதே "கரி 70 சதவீதம்" என்று தெரிந்திருந்தால், நல்ல ஓட்டத்தில் எரித்து முடித்துவிட்டு பிளாண்டுக்குள் நுழைந்திருப்பார். அந்த மீட்டரின் மொத்தப் பயனும் இதுதான். ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரிக்காரர்களுக்கும் இதே பாடுதான், சைட்டில் நின்றுகொண்டே டிரம்மைச் சுற்ற வேண்டும்.

மீட்டரில் வகை இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். சாக்கெட்டில் செருகி எண்ணை வாசிப்பது ஒன்று. பில்டரின் பிரஷர் சென்சார் டியூபை வெட்டி நடுவில் டி-ஜாயிண்ட் போட்டு இணைப்பது வேறு. அங்கே லீக் ஆனால் ஈசிஎம்முக்குத் தப்பான பிரஷர் போகும், கரி கணக்கே புரண்டுவிடும். பவர் ஏற்றித் தருகிறேன் என்று விற்கிற டப்பாவைப் பற்றிப் பேச்சே இல்லை, அதை மாட்டிவிட்டு வாரண்டி கேட்கக் கூடாது. வெறும் வாசிக்கிற மீட்டரிலும் மட்டமான சரக்கு பேட்டரியை இழுக்கும், மற்ற கன்ட்ரோல் யூனிட்டுகளின் பேச்சில் குறுக்கே விழும். சரி, அப்படி நடந்திருந்தால் ஈசிஎம்மில் பால்ட் கோடு (பழுதுக் குறியீடு) பதிவாகியிருக்கும். அதைக் காட்டிவிட்டு மறுக்கட்டும். ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கு ஜிபிஎஸ் கருவியை அரசாங்கமே கட்டாயம் ஆக்கியிருக்கிறது. அதுவும் இந்த வண்டி கரண்டில்தான் ஓடுகிறது, அதனால் வாரண்டி போகும் என்று யாரும் சொல்வதில்லையே.

அமெரிக்காவில் 1975-லேயே மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம் வந்துவிட்டது. வெளிப் பொருள் மாட்டியதை மட்டும் காரணம் காட்டி அங்கே வாரண்டியை மறுக்க முடியாது, அந்தப் பொருளால்தான் பழுது என்று கம்பெனி காட்ட வேண்டும். நம்மிடம் இப்படி நேரடிச் சட்டம் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி அபராதம் போட்டது. உதிரிபாகத்தையும் ரிப்பேர் தகவலையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராததும், வெளியே வேலை பார்த்தால் வாரண்டி இல்லை என்று மொத்தமாக மிரட்டுவதும் அதில் கேள்விக்கு வந்தன. பிறகு அப்பீல், கோர்ட் என்று இழுத்தது தனிக்கதை. அதுவும் கார் விவகாரம். 2022-ல் 'ரிப்பேர் உரிமை'க்கு மத்திய அரசு ஒரு குழு போட்டது, வாகனமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. லாரிக்காரனுக்கு அதனால் இதுவரை என்ன ஆனது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவருக்கு விலக்கு உண்டு. ஒற்றை வண்டி வைத்துத் தானே ஓட்டுகிறவர் தாராளமாக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு முதல் வேலை, வாரண்டி மறுப்பை எழுத்தில் வாங்குவது. ஜாப் கார்டில் காரணத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாலே பல இடங்களில் பேச்சு மாறுகிறது.

பில்டர் கிளீனிங் பக்கம் வருவோம், அங்கே நம் ஆட்கள் செய்கிற கூத்தும் குறைவில்லை. கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் வருவது இன்ஜின் ஆயிலில் இருக்கும் கால்சியம், துத்தநாகம் மாதிரியான சேர்மானங்களிலிருந்து. எத்தனை ரீஜென் போட்டாலும் அது அப்படியே கிடக்கும், கழற்றித்தான் எடுக்க வேண்டும். கேன் விலை குறைவு என்று பழைய சிஐ4 தர இன்ஜின் ஆயிலை ஊற்றினால் சாம்பல் சீக்கிரம் நிரம்பும். சிகே4 தர ஆயிலைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பில்டரை வாட்டர் சர்வீஸ்காரரிடம் கொடுத்து ஆசிட் ஊற்றி பிரஷரில் அடிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கறுப்புத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்தில் நிற்கிற ஓனருக்கு ஒரே சந்தோஷம். உள்ளே பிளாட்டினம் பூச்சு அரிக்கிறது, பீங்கான் விரிசல் விடுகிறது. ஒழுங்கான இடத்தில் எடை போடுவார்கள், புகை வெளியேறும் பக்கத்திலிருந்து காற்றடிப்பார்கள், அடுப்பில் வைத்துச் சுடுவார்கள், மறுபடி எடை போட்டு இரண்டு எண்ணையும் எழுதித் தருவார்கள். கிளீன் பண்ணிய கொஞ்ச நாளில் திரும்ப அடைத்தால் இன்ஜெக்டரையும் டர்போவில் ஆயில் கசிகிறதா என்பதையும் பாருங்கள், பில்டரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

"எதுக்குண்ணா இவ்வளவு தொல்லை, உள்ளே இருக்கிறதைக் குடைஞ்சு எடுத்துட்டு சாப்ட்வேரை மாத்திடலாம்" என்று சொல்லும் பட்டறைகள் பெருகிவிட்டன. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அந்த மாற்றத்துக்கு இடம் கொடுக்காது. அதே சட்டம் 190(2)-ல் புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. அப்படிச் செய்தவருக்குக் கம்பெனி வாரண்டி மறுத்தால் நான் கம்பெனி பக்கம்தான்.

கம்பெனிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்தச் சதவீதத்தை டேஷ்போர்டிலேயே காட்டுங்கள். சென்சார் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, ஸ்க்ரீனும் இருக்கிறது. காட்டிவிட்டால் யாரும் வெளியே மீட்டர் வாங்கப் போவதில்லை. உங்கள் வண்டியில் ஏற்கெனவே காட்டுகிறது என்றால் எந்த மாடல், எந்த வருஷம் என்று கமெண்டில் போடுங்கள், அடுத்த வண்டி எடுக்கிறவர்களுக்கு உதவும்.