குட்டியைத் தூக்குமுன் தாயைத் தேடுங்கள்

சாரல் விழ ஆரம்பித்ததும் தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் பூனைக்குட்டிப் படங்களும் வர ஆரம்பித்துவிட்டன. ஒரு அட்டைப்பெட்டி, அதில் பழைய துண்டு, கண் திறந்தும் திறக்காத நாலு குட்டி, கீழே "தாய் விட்டுட்டுப் போயிடுச்சு, யாராவது எடுத்துக்கோங்க ப்ளீஸ்". அழுகிற முகமும் கைகூப்பும் வரிசையாக வந்து விழும், எடுத்துக்கொள்ள மட்டும் ஆள் வராது. கொஞ்சம் காட்டமாகவே எழுதப்போகிறேன், கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள். இந்தப் படங்களில் பலவும் மீட்பு என்ற பெயரில் தாயிடமிருந்து பிள்ளையைத் திருடிய கதைதான்.

தெருப்பூனைக்கு யார் சோறு கொண்டுவந்து வைக்கிறார்கள்? அது குட்டிகளை எங்காவது பரணிலோ விறகுக்கட்டு இடுக்கிலோ ஒளித்து வைத்துவிட்டு இரை தேடிப் போகும். திரும்பி வர மணிக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் நீங்கள் போய்ப் பார்த்தால் குட்டி தனியாகத்தான் இருக்கும். நீங்கள் பக்கத்திலேயே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் அது பார்த்துவிட்டு வராமலே சுவரோரம் பதுங்கிக் கிடக்கும். அப்புறம் இடம் மாற்றும் விஷயம். பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்று நம் ஆச்சிகள் சொல்வது சும்மா இல்லை, ஏழு என்ற கணக்கு வேண்டுமானால் முன்னே பின்னே இருக்கலாம். ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும்போது நடுவில் ஒன்றோ இரண்டோ மிச்சம் கிடப்பதைப் பார்த்துவிட்டு அனாதை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

குட்டிகளைச் சுற்றி வட்டமாக அரிசி மாவை லேசாகத் தூவிவிட்டு, எட்டிப் போய்விடுங்கள். சில மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். மாவில் காலடி பதிந்திருந்தால் தாய் வந்து போகிறது என்று அர்த்தம். குட்டியின் வயிறும் சொல்லிவிடும். வயிறு உருண்டு, சத்தம் போடாமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கினால் பால் குடித்திருக்கிறது. வயிறு ஒட்டி, விடாமல் கத்திக்கொண்டு, தொட்டால் சில்லென்று இருந்தால் மட்டும்தான் கை வைக்க வேண்டிய நேரம்.

அப்படிக் கை வைத்தாலும் எடுத்தவுடன் பால் புகட்டாதீர்கள். சில்லிட்ட குட்டிக்குச் செரிக்காது, உள்ளே போன பாலே ஆளைக் கொன்றுவிடும். முதலில் சூடு. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், உடம்பு கதகதப்பான பிறகுதான் பால். அதுவும் பசும்பால் வேண்டாம், வயிற்றால் போய் நீர் வற்றிவிடும். பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் விற்கிறது. நம் குழந்தைகளைப் போல மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும், குப்புற வைத்துத்தான் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து. ஒவ்வொரு முறையும் நனைத்த பஞ்சால் அடியில் துடைத்துவிட்டால்தான் ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகும், தானாகப் போகத் தெரியாது, தாய் நக்கித்தான் அதைச் செய்யும். இவ்வளவும் செய்ய யாரால் முடியும்? தாயால் முடியும். அதனால்தான் தாயை விட்டுப் பிரிக்காதீர்கள் என்கிறேன்.

சரி, குட்டியைத் தொடவே கூடாதா என்றால், தொடலாம், அதற்கு ஒரு பருவம் இருக்கிறது. பிறந்து இரண்டு வாரத்திலிருந்து ஏழு வாரம் வரை, இழுத்துப் பிடித்தால் ஒன்பது வரை, குட்டி மனிதக் கையைப் பழகிக்கொள்ளும் காலம். மனித வாடையே படாமல் அதைத் தாண்டிய குட்டியை மடியில் வைத்துக் கொஞ்ச ஆசைப்படுவது வீண். சீறும், அறையும், கட்டிலுக்கு அடியிலேயே குடியிருக்கும். அதைக் கருத்தடை செய்து அதன் இடத்திலேயே விடுவதுதான் அதற்கு நல்லது. தாய் பக்கத்திலேயே இருக்கும்போது குட்டிகளைத் தினமும் தொட்டுப் பழக்கிவிட்டு, எட்டு வாரம் ஆன பிறகு வீடு பார்த்துக் கொடுங்கள்.

இப்போது எனக்கு உண்மையில் கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன். குட்டிகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம், எல்லோரும் பாராட்டிவிட்டார்கள். தாய்? அது அதே மதிலில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சினைக்காலம் அறுபத்து மூன்று, அறுபத்தைந்து நாள்தான். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும். போன ஈற்றில் நீங்கள் பார்த்து உருகிய பெட்டைக்குட்டியும் நாலைந்து மாதத்தில் சினைக்குத் தயார். குளிர் நாடுகளில் பகல் நீளும் மாதங்களில்தான் பூனை பருவத்துக்கு வரும், நம் பக்கம் பகல் நீளம் பெரிதாக மாறாததால் வருஷம் பூராவும் நடக்கிறது. வருஷா வருஷம் அதே வீட்டு விறகுப்பரணிலிருந்து குட்டிப்படம் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, சாக்குக் கூட்டம். பூனையைக் கொன்றால் பாவம், பொன்னில் பூனை செய்து தானம் கொடுத்தாலும் தீராது என்று பயம் உண்டு. அதனால் கொல்ல மாட்டார்கள். சாக்கில் கட்டி, பைக்கில் வைத்து, புளியரை தாண்டி மலையில் ஏறி, கேரள எல்லையில் கோட்டைவாசல் வளைவு பக்கம் அவிழ்த்துவிட்டு வருவார்கள். கணக்கு தீர்ந்தது, பூனை இப்போது கேரளத்துப் பூனை. அந்தப் பக்கத்து ஆட்களும் இதில் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2024 டிசம்பரில் திருநெல்வேலியைச் சுற்றிக் கொட்டிய கேரள மருத்துவமனைக் கழிவைப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி லாரி லாரியாகத் திருப்பி எடுத்துப்போக வைத்தார்கள், பூனைக்கு அப்படி ஒரு தீர்ப்பாயம் இல்லை. 1956 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது, இன்றும் ஆரியங்காவிலும் தென்மலையிலும் நமக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், நாம் யார் தலையில் கட்டுகிறோம்? மீன்காரம்மா எறிகிற சாளைத்தலையை நம்பிப் பிழைத்த பூனை மலைக்காட்டில் என்ன செய்யும்? ஒன்று லாரியில் அடிபடும், நாய் கடிக்கும். இல்லை, பிழைத்துக்கொண்டு செந்துருணி சரணாலயத்துப் பறவைகளை வேட்டையாடும். இங்கே காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெருப் பூனை வந்து உட்கார்ந்துவிடும், சோறு இருக்கிற இடம் காலியாகக் கிடக்காது. பசியில் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. மலை ஏறி இறங்கும் பெட்ரோல் காசு அதைவிட அதிகம்.

ஆகவே தாயைப் பிடித்துக் கருத்தடை செய்வதுதான் வழி, அதற்குத்தான் கூண்டு. எலிக்கூண்டின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் மூன்றடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக உயரம், உள்ளே ஒரு மிதிதட்டு, மிதித்தால் பின்னால் கதவு விழும். வெல்டிங் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள், கதவு விளிம்பு வாலை நசுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பிடிப்பதற்கு முந்தின நாளே சோறு வைப்பதை நிறுத்த வேண்டும், தண்ணீர் மட்டும். தெருவில் எல்லோரும் நிறுத்த வேண்டும், யாராவது ஒருவர் இரக்கப்பட்டு மீன் முள்ளைப் போட்டால் கதை கந்தல். இரைக்குச் சுட்ட சாளையை மிஞ்ச ஒன்றும் கிடையாது, வாடை தெரு முனை வரை போகும். வாசலிலிருந்து உள்ளே வரை துணுக்குத் துணுக்காகப் போட்டு, பெரிய துண்டைக் கடைசியில், மிதிதட்டுக்கு அப்பால் வையுங்கள்.

எங்கள் வளவில் ஒரு மூவண்ணப் பூனை. மூன்று நிறம் கலந்திருந்தால் அநேகமாகப் பெட்டைதான், அபூர்வமாகத்தான் கடுவன் இருக்கும், எதை முதலில் பிடிப்பது என்று தெரியாதவர்களுக்கு இது உதவும். அது கூண்டுக்குள் முன்னங்காலை வைத்து, மிதிதட்டை முகர்ந்து பார்த்து, அதன்மேல் படாமல் ஒட்டகம் மாதிரி கழுத்தை நீட்டி மீனை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே வெளியே வந்துவிட்டது, வெளியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டே தின்றது. தட்டின்மேல் தினத்தந்தியை விரித்து மூடி, மீனை இன்னும் உள்ளே தள்ளினேன், அதற்கும் மசியவில்லை. கடைசியில் அதன் குட்டிகளை ஒரு சின்னக் கூடையில் வைத்து, கூண்டின் பின்முனையோடு ஒட்டி, இரண்டையும் சேர்த்துப் போர்வையால் மூடினேன். குட்டியிடம் போக வேண்டுமானால் கூண்டு வழியாகத்தான் போக வேண்டும். குட்டி ஒன்று கீச்சென்றது, தாய் நேராக உள்ளே ஓடியது, கதவு விழுந்தது. விழுந்த நொடியில் கம்பியில் மோதிச் சுழன்றடித்தது. கூண்டு முழுவதும் போர்வையை இழுத்து மூடியதும் அடங்கியது. இருட்டானால் அடங்கிவிடும், அதனால் போர்வையைத் தயாராகக் கையில் வைத்திருங்கள். இரக்கப்பட்டு உள்ளே விரலை மட்டும் விடாதீர்கள்.

பக்கத்து வீட்டு ஆச்சி வாசலில் நின்று, "ஏய்யா, பச்சப்பிள்ளைகள விட்டுட்டு தாயைத் தூக்கிட்டுப் போறியே, அதுக வயிறெரியாதா?" என்றார். "ராத்திரிக்குள்ள கொண்டுவந்து விட்டுருவேன் ஆச்சி, குட்டிக சோறு திங்க ஆரம்பிச்சாச்சு" என்றேன். ஆச்சி நம்பவில்லை, ஆனாலும் குட்டிகளைத் தன் வீட்டுக் குளியலறையில் வைத்துக்கொண்டார். கருத்தடை செய்தாலும் பால் வற்றிப்போகாது, குட்டிகள் திட உணவு தொடங்கிய பிறகு செய்தால் தைரியமாக இருக்கலாம், பால் கொடுக்கும் தாய் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் அவரும் அதற்குத் தக்கபடி பார்ப்பார்.

எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் பூனைக்கு இந்த அறுவை செய்வதில்லை, மாட்டுக்கும் ஆட்டுக்கும் பார்க்கவே அவர்களுக்கு நேரம் சரியாக இருக்கிறது. முதலில் போனில் கேட்டுக்கொண்டு போங்கள். நம் பக்கத்தில் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசாங்கத் திட்டம் என்று பார்த்தால் 2001-ல் வந்த கருத்தடை விதிகளின் பெயரிலேயே நாய் இருந்தது, 2023-ல் புதிதாக வந்ததிலும் பெரும்பாலும் நாய்ப் பேச்சுதான். மயக்கத்தில் இருக்கும்போதே இடது காதின் நுனியை நேராக வெட்டிவிடச் சொல்லுங்கள். பார்க்க மூளியாக இருக்கிறது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். தூரத்திலிருந்தே இது முடிந்த பூனை என்று தெரிந்தால்தான் இன்னொரு தடவை பிடித்து, வயிற்றைக் கிழித்துப் பார்க்கும் கொடுமை நடக்காது.

இயற்கைக்கு விரோதம் என்கிறவர்களுக்கு: தெருப்பூனை நம் சோற்றிலும் நம் எலியிலும் வாழ்வது, அதன் எண்ணிக்கை கூடுவதில் நம் கை இருக்கிறது, குறைப்பதிலும் இருக்கட்டும். எலி பெருகிவிடும் என்கிறவர்களுக்கு: கருத்தடை செய்த பூனையும் எலி பிடிக்கும்.

கூண்டு வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. கடித்தாலோ கீறி ரத்தம் வந்தாலோ, பூனைதானே என்று மஞ்சள் பத்துப் போட்டு உட்காராதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுங்கள், இலவசம்தான். பூனைப்பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், மேலே ஆறினாலும் உள்ளே சீழ் பிடிக்கும். இரண்டாவது, வெவ்வேறு இடத்துக் குட்டிகளை ஒரே பெட்டியில் சேர்க்காதீர்கள். பூனைகளுக்கு வரும் பார்வோ என்ற வைரஸ் நோய் ஒரு வீட்டுக் குட்டிகளை மொத்தமாக வாரிக்கொண்டு போய்விடும், அந்தக் கிருமி தரையிலும் கூண்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், பினாயிலுக்கு அசையாது. பினாயில் பூனைக்கும் விஷம், அது வேறு. காய்ச்சல் அடிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பதும் அப்படியே, பூனைக்கு அது எமன்.

குட்டிப்படம் போடுகிறவர்கள் கூடவே தாயின் படத்தையும், எந்த நேரத்தில் எந்தச் சுவரில் வந்து உட்காரும் என்பதையும் போடுங்கள், நான் வருகிறேன். நானில்லாமலே பிடிக்கத் தெரிந்தவர்கள் கூண்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகலாம், வாடகை கிடையாது. திருப்பித் தரும்போது பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவைத்துக் கொண்டுவாருங்கள். சாரல் நேரத்தில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், போன வாரம் வாங்கிப்போனவர் அதையே சொல்லி இன்னும் கொடுக்கவில்லை.