பயாஸ் கட்டுரையில் ஈகோ மோடை (Eco Mode) விட்டுவிட்டீர்களே!

பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி-யை, அதாவது ரேமை அதில் அச்சிட்ட வேகத்தில் ஓட வைக்கும் செட்டிங்கை, ஆன் செய்தால் வேகம் கூடும் என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருப்பது சரிதான். 3200 என்று அச்சிட்ட டிடிஆர்4 ரேமை வாங்கிப் போட்டுவிட்டு, அது 2133-இலோ 2400-இலோ ஓடுவதே தெரியாமல் வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் ஏராளம். ஆனால் மின்சார விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

ஏஎம்டி-யின் ரைசன் 9 7950எக்ஸ் பிராசஸர், கம்பெனி செட்டிங்கில் 230 வாட் வரை இழுக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஈகோ மோடில் 65 வாட்டைத் (இது பெயரளவு மதிப்புதான்) தேர்ந்தெடுத்தால் அந்த உச்சவரம்பு 88 வாட்டுக்கு இறங்கிவிடும். ரெண்டரிங் மாதிரி கனமான வேலைகளில் வேகம் குறையும்தான், ஆனால் மின்சாரம் குறைந்த அளவுக்கு இல்லை. கேமில் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம். ஏசி இல்லாத அறையில் ஃபேன் இரைச்சல் அடங்குவதே எனக்குப் பெரிய லாபம்!

பிராசஸருக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசர் செட்டிங்கில் எடுத்த எடுப்பிலேயே மைனஸ் 30 வைக்கச் சொல்லும் யூடியூப் வீடியோக்களை நம்ப வேண்டாம். சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையில் தேறிவிடும், பிறகு சும்மா பிரவுசர் திறந்திருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். லேசான வேலையில்தான் ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது, வோல்டேஜ் போதாமல் போவதும் அங்கேதான். ஐந்தைந்தாக இறக்கிப் பாருங்கள்.

விண்டோஸில் டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் பயாஸ் அப்டேட்டுக்கு முன் ரெக்கவரி கீயை வேறு எங்காவது எடுத்து வைத்துக்கொள்ளவும்; அப்டேட் ஆனதும் அதைக் கேட்கலாம்.