எது முதலில் நடந்தது?
'போராட்டத்தில் வன்முறை வெடித்தது' என்று தலைப்பு போட்டால் யார் யாரை அடித்தார்கள் என்பதே மறைந்துபோகிறது என்று, போராட்டங்களை ஊடகங்கள் காட்டும் விதம் பற்றிய கட்டுரையில் எழுதியிருப்பது ரொம்பச் சரி. ஆனால் வார்த்தையைவிடக் காட்சிகளை அடுக்கும் வரிசை இன்னும் ஆபத்தானது என்பேன். 1984 ஜூன் 18 அன்று இங்கிலாந்தின் ஆர்க்ரீவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்கள் மீது குதிரைப் போலீசார் பாய்ந்தார்கள். அன்று மாலை பிபிசி செய்தியில் முதலில் கல்வீச்சு, அப்புறம்தான் குதிரைகள். உண்மையில் குதிரைகள்தான் முதலில், வரிசை தவறுதலாக மாறிவிட்டது என்று பிபிசி ஒப்புக்கொண்டது 1991-ல். அதற்குள் ஏழு வருடம் போய்விட்டதே! கலகம் செய்ததாக வழக்கில் சிக்கியவர்களை அந்த இடைவெளியில் ஊர் உலகம் எப்படிப் பார்த்திருக்கும்? வழக்குகள் 1985-லேயே நிற்காமல் போய்விட்டன, அது வேறு.

இன்றும் அதேதான். பத்து மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்த கூட்டத்தை ஒரு நிமிடம்கூடக் காட்ட மாட்டார்கள், எரியும் ஒரே ஒரு டயரைப் பத்துக் கோணத்தில் நாள் முழுக்க ஓட்டுவார்கள். கல் எறிந்தவரையும் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் எத்தனை மணிக்கு எடுத்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்று திரையிலேயே போடுங்கள். கோரிக்கை என்ன என்பதையும் ஒரு வரி சொல்லுங்கள்.